சர்வர் அறைச் சாவியை மாணவரிடம் கொடுங்கள்

தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். நடையின் கோடியில் ஒரு பூட்டிய அறை இருக்கும். கண்ணாடிக் கதவு, இரவு பகலாக ஓடும் ஏசி, ஆளுயர ரேக்கில் அடுக்கிய ஸ்விட்ச்சுகள், அவற்றில் மினுக்மினுக்கென்று பச்சை விளக்குகள். கதவில் ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். இரண்டு அறை தள்ளி, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் பிடித்து ஏழு அடுக்குப் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். பாடத்தின் பெயர் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ். பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பாடத்தைப் படித்துத் தேறி, பட்டமும் வாங்கிப் போகிறவர் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் போயிருக்க மாட்டார்.

மருத்துவக் கல்லூரி நடத்த வேண்டுமென்றால் கூடவே மருத்துவமனை இருந்தாக வேண்டும் என்பது விதி. நோயாளியைத் தொடாமல் எம்.பி.பி.எஸ். கிடையாது. பொறியியல் கல்லூரிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனால் நெட்வொர்க்கிங்கைப் பொறுத்தவரை அந்த மருத்துவமனை ஏற்கெனவே வளாகத்துக்குள் இருக்கிறது. கணினி, கைப்பேசி, கேமரா, பிரின்டர் என்று ஆயிரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் உயிருள்ள வலையமைப்பு அது. தினமும் ஏதாவது ஒரு மூலையில் கெடுகிறது. சரிசெய்ய வெளியிலிருந்து ஆள் வருகிறார். அதையே படிக்க வந்தவர் வேடிக்கைகூடப் பார்ப்பதில்லை. கல்லூரியின் வலையமைப்பை நடத்தும் பொறுப்பில் ஒரு பங்கை, அதைப் பற்றிப் படிக்கும் மாணவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

எதற்கெடுத்தாலும் பாடத்திட்டத்தைக் குறை சொல்வது நம் வழக்கம். இந்த விஷயத்தில் பழி அங்கே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஐந்தாம் செமஸ்டரில் வரும் இந்தத் தாள், தியரியையும் லேபையும் சேர்த்தே வைத்திருக்கிறது. வயர்ஷார்க்கில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பது, சாக்கெட் புரோகிராம் எழுதுவது, நெரிசல் கட்டுப்பாட்டை சிமுலேட்டரில் ஓட்டுவது எல்லாம் அதில் உண்டு. நூல்களும் உலகம் முழுக்கப் படிப்பவைதாம்: 1981-இல் முதல் பதிப்பு கண்ட டானன்பாம், குரோஸ்–ராஸ், நம் பிள்ளைகளுக்குச் செல்லமான ஃபொரோஸான். சிக்கல் என்னவென்றால், இந்தப் படிப்பில் எதுவுமே கெடுவதில்லை. லேபில் ஒவ்வொரு பயிற்சிக்கும் விடை முன்கூட்டியே தெரியும். சீனியரின் ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டே ஒட்டியிருக்கும். தேர்வில் இரண்டு மார்க், பதின்மூன்று மார்க், கடைசியாக ஒரு பதினைந்து மார்க். விளக்குக, வேறுபடுத்துக, படத்துடன் விவரி. வேலைக்குப் போன முதல் நாளில் காதில் விழப்போவதோ, ‘நெட் வரல, என்னன்னு பாருங்க’.

நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காரும்போது நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கணினியின் ஐபி முகவரியைப் பார்க்கிறீர்கள், 169.254 என்று ஆரம்பிக்கிறது. என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் மௌனம். சரி, கணினிக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று நான்கு படியும் மூச்சுவிடாமல் வரும். எனக்கொரு முகவரி கொடுங்கள் என்று கணினி கூவியிருக்கிறது, பதில் வரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது, 169.254-க்குப் பொருள் அவ்வளவுதான். அவர் இப்போது ஒப்பித்தாரே, அந்த நான்கில் முதல் படிக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியவை வரிசையாக நிற்கின்றன: கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, ஸ்விட்ச்சில் அந்த போர்ட் உரிய வி-லேனில், அதாவது வலையின் உரிய தனிப் பிரிவில், இருக்கிறதா, டிஹெச்சிபி சர்வர் உயிரோடு இருக்கிறதா, கொடுப்பதற்கு முகவரி மிச்சம் இருக்கிறதா. 254 முகவரிக்கு மேல் இடமில்லாத ஒரு சப்நெட்டில் விடுதியின் எல்லாக் கைப்பேசிகளும் வந்து ஒட்டிக்கொண்டால் கடைசிக் காரணம் ராத்திரிக்கு ராத்திரி வரும். லேப் உதவியாளருக்கு இது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ரேங்க் வாங்கிய பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். திடீரென்று ஒரு மாடி முழுக்க நெட் படுத்துவிடுகிறது. ஆசிரியர் அறையில் மேசைக்கடியில் கிடக்கும் எட்டு போர்ட் ஸ்விட்ச்சைக் குனிந்து பார்த்தால், எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், இடைவிடாமல், வெறிபிடித்ததுபோல் துடிக்கும். பெருக்க வந்தவர், கேபிள் ஒன்று கழன்று கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டுப் போயிருப்பார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருக்கும். எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி வட்டமடித்து வட்டமடித்துப் பெருகுகிறது. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, கடைசியில் அது செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கணக்கே இல்லை. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் கண்ட தீர்வுதான் ஸ்பேனிங் ட்ரீ. பதின்மூன்று மார்க்குக்கு அதைப் படத்தோடு எழுதியவருக்கு, மேசைக்கடியில் கிடக்கும் மலிவு ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலும் அது இருக்காது என்பதும், விளக்குகள் துடிக்கும் விதமே துப்பு என்பதும் தெரிய வேண்டாமா? எந்த ஆசிரியரும் இதைக் கரும்பலகையில் காட்டிவிட முடியாது. குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் நம் பூட்டு இன்னும் வேடிக்கையாகத் தெரியும். இணையத்தின் தொடக்க வேலைகளைச் செய்தவர்களில் பலர் மாணவர்கள். 1969 ஏப்ரலில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பற்றிய முதல் தொழில்நுட்பக் குறிப்பை எழுதிய ஸ்டீவ் குரோக்கர், லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நாம் யார் விதி வகுக்க என்ற கூச்சத்தில், கருத்து கேட்கும் குறிப்பு என்று அடக்கமாக அதற்குப் பெயர் வைத்தார். இணையத்தின் விதிகள் இன்றைக்கும் அதே பெயரில், ஆர்.எஃப்.சி. என்றுதான் வெளியாகின்றன. அந்த ஆண்டு அக்டோபர் 29 இரவு, அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தின் கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கினார். இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. சரிசெய்து மறுபடி நுழைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. வலையின் முதல் செய்தியிலேயே முதல் பழுதும் வந்துவிட்டது.

லேபில் நெரிசல் கட்டுப்பாட்டுக்கு வரைபடம் போட்டு ஒட்டுகிறோமே, அதன் கதையும் ஒரு வளாகத்தில்தான் தொடங்குகிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தொடர்பு, 40 பிட்டுக்குச் சுருண்டு விழுந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் சுமார் 400 கஜம். தாளில் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும். வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸ் இருவரும் ஏன் என்று துருவினார்கள். பாக்கெட் போய்ச் சேரவில்லை என்றதும் ஒவ்வொரு கணினியும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பி, எல்லாமாகச் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தன. இழப்பு தெரிந்தால் வேகத்தைச் சட்டென்று குறை, பிறகு மெல்ல மெல்ல ஏற்று என்பது அவர்கள் சொன்ன வழி. 1988-இல் அது கட்டுரையாக வந்தது. தம் வளாகத்தில் நெட் ஊர்ந்ததால் எரிச்சலடைந்த இருவர் கண்டுபிடித்தது இது என்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினாலே லேபில் தூக்கம் பாதி கலையும்.

சிஸ்கோ நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய லென் போசாக், சாண்டி லெர்னர் தம்பதி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினிகளை நிர்வகித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வளாகத்தின் துறைகளை இணைக்க உருவான ரவுட்டரே அவர்களுடைய முதல் சரக்குக்கு மூலம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்கள் நடத்தும் கணினிக் குழு ஒன்று 1969 முதல் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பல்கலைக்கழக விடுதிகளுக்கு இணையம் தருவதும் பராமரிப்பதும் ஒரு மாணவர் குழுதான். நம் நாட்டிலும் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் வழியே சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிலையங்களே முதலில் வலையில் இணைந்தன. விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். கல்வி நிலையத்தில் பிறந்த பொருளைக் கல்வி நிலையமே ஆண்டு ஒப்பந்தத்தில் வெளியாளிடம் விட்டுவிட்டு, ‘நெட் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று தாள் ஒட்டும் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

கல்லூரி முதல்வர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. மதிப்பெண்ணை யாராவது திருத்திவிட்டால்? கட்டணக் கணக்குக்குள் புகுந்துவிட்டால்? இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, கணினிப் பாதுகாப்பு மீறல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதில் மாணவரை வேறு இழுத்துவிடுவதா என்று கேட்பார்கள். ஆனால் இதற்கான விடை அதே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வுப் பிரிவு, கணக்குப் பிரிவு, கேமரா மூன்றையும் தனித்தனி வி-லேனில் பிரித்து, நடுவே ஃபயர்வால் வைத்து, மாணவர் பக்கம் வரவே வழியில்லாமல் அடைத்துவிடலாம். ஒரு கல்லூரியில் இதுவரை அப்படிப் பிரிக்கவில்லை என்றால், அங்கே ஆபத்து மாணவர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. மிச்சமிருக்கும் லேப், நூலகம், விடுதி வைஃபை மட்டும் மாணவர் குழுவிடம் போகட்டும். முதல் செமஸ்டரில் பார்க்க மட்டும் உரிமை, மாற்ற உரிமை கிடையாது. பிறகு மாற்றலாம், ஆனால் இருவர் சேர்ந்துதான். என்ன மாற்றப்போகிறோம், தவறினால் எப்படிப் பழையபடி ஆக்குவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான். நிறுவனங்களில் எல்-1, எல்-2 என்று படிப்படியாக ஏற்றிவிடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

தவறு நடக்காதா? நடக்கும். 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து மறைந்தது நினைவிருக்கும். நம்மில் பலர் வீட்டு வைஃபையைத்தான் முதலில் திட்டினோம். வழக்கமான பராமரிப்பின்போது, மைய வலையின் கொள்ளளவை அறியக் கொடுத்த ஒரு கட்டளை, அம்மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை. தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையங்களை எட்ட முடியாததால், எங்களுக்கு வர வழி இது என்று பிஜிபி மூலம் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொண்டன. அதோடு அந்தப் பெயர்கள் இணையத்திலிருந்தே காணாமல் போயின. தொலைவிலிருந்து சரிசெய்யும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்ததால் அவையும் கிடைக்கவில்லை. பொறியாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது. பலத்த காவலுள்ள கட்டடங்களுக்குள் நுழைவதற்கே நேரம் பிடித்தது. மீள ஏறக்குறைய ஆறு மணி நேரம். பிஜிபிக்கு நம் பிள்ளைகள் எழுதும் விடையில் இவ்வளவும் அடங்காது. மெயின் வழி செத்தால் உள்ளே போக இன்னொரு வழி வைத்திருக்கிறோமா என்ற எண்ணம் விடுதி ஸ்விட்ச் ஒன்றைத் தானே முடக்கிவிட்டு, மாடி ஏறி ஓடிப்போய் கன்சோல் கேபிளைச் சொருகியவனுக்குத் தானாக வரும்.

பேக்கட் டிரேசர் இருக்கிறதே, ஜிஎன்எஸ்-3 இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்ல கருவிகள். வீட்டு லேப்டாப்பில் இருபது ரவுட்டரை இணைத்துப் பார்க்கும் வசதி முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காதது. ஆனால் அதில் எலி கேபிளைக் கடிப்பதில்லை, கிரிம்பிங் செய்தவர் பச்சையையும் நீலத்தையும் இடம் மாற்றிச் செருகுவதில்லை, யுபிஎஸ் பேட்டரி செத்துப் பாதி ஸ்விட்ச்சுகள் மட்டும் எழுவதில்லை. சிசிஎன்ஏ சான்றிதழ் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பாடத்திட்டத்தில் குறையில்லை. அதற்கும் ‘டம்ப்’ என்று கேள்வி பதில் தொகுப்பை வாங்கி உருப்போடுகிறார்கள். பதின்மூன்று மார்க்கில் பழகிய மனப்பாடம் அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டது.

இதே ஊரில் வேறு ஒரு பள்ளி நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஃபைபர் ஸ்பிளைசிங் செய்யும் ஆளைப் பாருங்கள். தலைமுடியை ஒத்த கண்ணாடி இழை அது. விட்டம் 125 மைக்ரான், ஒளி போகும் நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்தான். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டி, இரண்டு முனையையும் இயந்திரத்துக்குள் வைத்து மூடுகிறார். சின்ன மின்பொறியில் இரண்டும் உருகி ஒன்றாகின்றன. திரையில் இழப்பு 0.02 டிபி என்று வந்தால் அடுத்த இழைக்குப் போவார். கூடுதலாக வந்தால் வெட்டிவிட்டு மறுபடி. வீட்டுக்குள் வந்து பவர் மீட்டரை மாட்டி, மைனஸ் இருபது என்றால் தலையாட்டுவார். மைனஸ் இருபத்தெட்டு என்றால் வழியில் எங்கோ இழை மடங்கியிருக்கிறது என்று தேடிக் கிளம்புவார். பலர் கேபிள் டிவி வேலையிலிருந்து இதற்கு வந்தவர்கள், கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். முழு அக எதிரொளிப்புக்குச் சூத்திரம் வருவிக்கத் தெரிந்த நம் மாணவர், அந்த இழையைக் கையால் தொட்டிருக்க மாட்டார். அந்தத் தெருமுனை ஆளை மாதம் ஒரு நாள் சம்பளம் கொடுத்து லேபுக்கு அழைத்தால் என்ன? பேராசிரியருக்கு அதனால் மரியாதை குறைந்துவிடாது.

ஆள் தேவையும் இல்லாமல் இல்லை. சென்னைக் கடற்கரையில் கடலடிக் கேபிள்கள் பல கரையேறுகின்றன. 2020-இல் அந்தமானுக்குப் போன கேபிளும் இங்கிருந்துதான். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது. இழுத்தால் போதாது, கெட்டால் பார்க்க அந்தந்த வட்டாரத்தில் ஆள் வேண்டும். இங்கேயோ, 2024-இல் ஏஐசிடிஇ இடங்களின் உச்சவரம்பை எடுத்த பிறகு நல்ல பெயர் பெற்ற கல்லூரிகள் கணினிப் பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் செக்யூரிட்டி என்று பெயர்கள்தாம் பெருகுகின்றன. எந்தப் பெயரில் சேர்ந்தாலும் அந்தப் பிள்ளையின் மாடல் ஓடுவது ஆயிரக்கணக்கான இயந்திரங்களை இணைத்த ஒரு வலையின் மேல்தான். கான்ஃபிகரேஷனை ஏஐ எழுதித் தரட்டும், மகிழ்ச்சி. அது எழுதியது சரியா என்று சொல்ல, தப்பான ஒன்றால் மாடி முழுக்க முடங்கியதைப் பார்த்த கண் வேண்டும்.

செய்முறைத் தேர்வையும் மாற்றியாக வேண்டும். எக்ஸ்டர்னல் வந்ததும் சீட்டுக் குலுக்கி ஒரு புரோகிராமை எழுதச் சொல்வதற்குப் பதில், காலையில் அவரே லேபுக்குள் போய் மூன்று இடத்தில் கெடுத்து வைக்கட்டும்: ஒரு கணினியில் சப்நெட் மாஸ்க் தப்பு, ஓரிடத்தில் இரண்டு கணினிக்கு ஒரே ஐபி, இன்னோரிடத்தில் டிஎன்எஸ் முகவரி தப்பு. மாணவர் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். எந்த வரிசையில் தேடினார், எதைச் சந்தேகித்தார், எதை ஏன் ஒதுக்கினார் என்று எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் ஏற்க வேண்டும். மார்க் அந்தத் தேடலுக்கு. சரியான விடையை ஊகித்தவரைவிட, கிடைக்காமல் போனாலும் ஒழுங்காகத் தேடியவருக்குக் கூடுதலாகப் போடலாம். கட்டணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கடைகளுக்குப் போவதற்குப் பதில், சொந்தக் கல்லூரியின் வலையமைப்பில் ஒரு செமஸ்டர் உழைத்ததையே இன்டர்ன்ஷிப்பாக ஏற்று கிரெடிட் கொடுக்கலாம். சிறிய உதவித்தொகையும் கொடுத்தால், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பகுதிநேர டெலிவரி வேலைக்கு ஓட வேண்டியதில்லை. பாலிடெக்னிக்குகளில் இதைத் தொடங்குவது இன்னும் சுலபம். அங்கே கை அழுக்காவதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு கல்லூரி கேட்டால், பெண்கள் விடுதியிலிருந்து என்பேன். இரவு எட்டு மணிக்கு அங்கே நெட் போனால், வெளியாள் உள்ளே வர வார்டன் அனுமதி வேண்டும், விடிந்துதான் வருவார். உள்ளேயே நாற்பது, ஐம்பது கணினித் துறை மாணவியர் அதே பாடத்தைப் படித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நெட்வொர்க் பராமரிப்பு ஊர் தூங்கிய பிறகு நடக்கும் வேலை. பல கல்லூரிகளில் மாணவியருக்கு மாலையோடு லேப் மூடிவிடுகிறது. பின்னால் நேர்காணலில் ‘நைட் ஷிப்ட் பார்ப்பீங்களா, அனுபவம் உண்டா’ என்று கேட்டு அவர்களைத்தான் கழிக்கிறார்கள். அந்த விடுதியின் ரேக்கை அங்கே தங்கியிருப்பவர்களிடமே விட்டுவிடலாம். முதல் வேலையாக அவர்கள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயரெழுதி ஒட்டட்டும். எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்ற கணக்கே பெரும்பாலான விடுதிகளில் யாரிடமும் கிடையாது.